நெரை முடியும் இடம்

கொழுந்து கிள்ளும் சத்தம் வீட்டுக்குள்ளிருந்து வந்தது.

ரேணுகா முதலில் அதை மழை என்றுதான் நினைத்தாள். தேவாலா ஊருக்கு மேலே, இந்த மலையில், ஆடி மாதத்தில் எந்தச் சத்தமும் முதலில் மழையாகத்தான் கேட்கும். தகரக் கூரையில் சாரல், காற்று சில்வர் ஓக் மரங்களை உலுக்கும்போது உதிரும் துளிகள், சுவரோரக் கால்வாயில் விடாமல் ஓடும் தண்ணீர், எல்லாம் ஒன்றின் மேல் ஒன்றாகப் படிந்து நாள் முழுக்கக் காதை அடைத்துக்கொண்டிருக்கும். ஆனால் இது அந்த மழைக்கும் அடியில், அதைவிடச் சன்னமாக, ஒரே சீராக வந்தது. டிக். டிக். டிக். இளந்தண்டு நகத்தில் ஒடியும் சத்தம். லயத்தில், தோட்டத் தொழிலாளர்களின் வீட்டு வரிசையில், பிறந்து வளர்ந்தவளுக்கு அது தெரியாமல் போகாது. மலைக்குக் கத்தரி வந்து, எல்லாரும் புல் வெட்டுவதுபோல் இலையை வெட்டத் தொடங்கிய பிறகு அந்தச் சத்தமே அரிதாகிவிட்டது. அம்மா ஒருத்திதான் கடைசி நாள் வரை நகத்தால் கிள்ளினாள்.

அம்மா வேலையிலிருந்து ஓய்வு பெற்று மாதங்கள் ஆகிவிட்டன.

ரேணுகா லேப்டாப்பை மூடிவிட்டு எழுந்து போனாள். உள்ளறைக் கட்டிலின் ஓரத்தில் அம்மா கருப்பம்மா உட்கார்ந்திருந்தாள். கண் மூடியிருந்தது. இடுப்பு முன்னால் வளைந்து, கைகள் இரண்டும் மடிக்கு மேலே காற்றில் விறுவிறுவென்று மேய்ந்துகொண்டிருந்தன. கட்டைவிரலும் ஆள்காட்டி விரலும் சேர்ந்து பிரியும் ஒவ்வொரு தடவையும் அந்தச் சத்தம் வந்தது. விரல்களுக்கு நடுவில் ஒன்றும் இல்லை.

“அம்மா.”

கைகள் நின்றன. “என்னா புள்ள?”

“என்னம்மா பண்ற?”

அம்மா தன் கைகளையே யாருடையதோ போலப் பார்த்தாள். “நெரை முடியல,” என்றாள். பிறகு விழித்துக்கொண்டவளாக, “தேத்தண்ணி போடவா? நீயும் மதியத்துல இருந்து அந்தப் பொட்டியவே பாத்துக்கிட்டு இருக்க.”

அம்மா அடுப்படிக்குப் போன பிறகும் அறையில் பச்சை இலை நசுங்கிய வாடை இருந்தது. ரேணுகா கட்டிலுக்கு அடியில் குனிந்து பார்த்தாள். இலை ஏதும் இல்லை.

நெரை என்பது, மலையில் காலையில் ஒவ்வொருத்திக்கும் ஒதுக்கிக் கொடுக்கும் தேயிலை வரிசை. இலங்கையிலிருந்து கப்பலேறி வந்தவர்கள் கொண்டுவந்த சொல். கீழேயிருந்து கிள்ளிக்கொண்டே மேலே போனால் நெரை முடியும் இடத்தில் பாதை வரும். பாதையோரம் ஒரு சில்வர் ஓக் மரம் நிற்கும். அதைத் தாண்டினால் கொழுந்து நிறுக்கும் கொட்டகை. அங்கே நிறுத்தால்தான் கணக்கில் அன்றைக்குப் பேர் விழும், முழு நாள் கூலி கிடைக்கும். எடை குறைந்தால் அரைப்பேர். மழையிலும் அட்டைக்கடியிலும் நின்று என்னதான் மாடாக உழைத்திருந்தாலும், நிறுவைக்கு வராதவளுக்குப் பேர் கிடையாது. அவள் அன்றைக்கு மலைக்கே வராதவள். சாயங்காலம் லயத்துக்குத் திரும்பும் பெண்கள் ஒருத்தியை ஒருத்தி கேட்டுக்கொள்ளும் முதல் கேள்வி, “பேரு விழுந்துச்சா?”

ரேணுகா மலைக்கு வேலைக்குப் போனதில்லை. கூடலூரில் கணினி படித்தாள். அவளுடைய தொழில் பின்னணி வரைவது. கல்யாணப் பத்திரிகையில் எழுத்துக்குப் பின்னால் மங்கலாக ஓடும் கொடி, இனிப்புப் பெட்டியின் மேல் சுற்றியிருக்கும் பூ, செல்போன் திரையில் எண்களுக்கு அடியில் கிடக்கும் கோலம், இவற்றை எல்லாம் யாரோ ஒருவர் வரைகிறார் என்று யாரும் நினைப்பதில்லை. நினைக்காமல் இருப்பதுதான் அந்த வேலையின் வெற்றி. ஒரே ஒரு சதுரம் வரைவாள். அதன் வலது ஓரத்தில் வெட்டுப்படும் இலையின் மிச்சம் இடது ஓரத்தில் தொடங்க வேண்டும். மேலே போனது கீழே வர வேண்டும். படத்தைப் பாதி தள்ளி, ஓரத்தை நடுவுக்குக் கொண்டுவந்து, அங்கே ஓரங்கள் சேரும் மூட்டு தெரியாதபடி அழித்துவிடுவாள். சரியாக அழித்துவிட்டால் அந்தச் சதுரத்தைப் பக்கத்தில் பக்கத்தில் அடுக்கிக்கொண்டே போகலாம். எங்கே தொடங்குகிறது, எங்கே முடிகிறது என்று வரைந்தவளாலேயே சொல்ல முடியாது.

அந்தச் சத்தம் கேட்பதற்குச் சில மாதங்கள் முன்பு எஸ்டேட்டின் மேல் பாதியை விடுதிக்காரர்கள் வாங்கினார்கள். ஓய்வு பெற்றவர்கள் லயத்தைக் காலி செய்ய வேண்டும் என்று ஓர் ஆள் வந்து சொல்லிவிட்டுப் போனார். எட்டு வயதில் தகரப் பெட்டியோடு கப்பலிலிருந்து இறக்கப்பட்டவள் அம்மா. “இன்னொரு தடவ பொட்டி கட்ட மாட்டேன். கட்டச் சொன்னா என்னையும் சேத்து வச்சுக் கட்டு,” என்று சொல்லிவிட்டு அடுப்பைப் பார்த்துத் திரும்பிக்கொண்டாள். ரேணுகாவுக்கும் அந்த ஒரு கவலைதான்: அம்மாவை இந்த வீட்டைவிட்டு இறக்கக் கூடாது.

விடுதியின் மேலாளர் ஜெகதீசன், கோயம்புத்தூர்க்காரர், கெட்டவர் என்று சொல்ல முடியாது. வீட்டை அளக்க வந்தவர் ரேணுகாவின் லேப்டாப்பைப் பார்த்தார்.

“ஏனுங்க, நீங்க டிசைனருங்களா? இதைய மொதல்லயே சொல்லியிருக்கக் கூடாதுங்களா? நாங்க ஊரெல்லாம் தேடிட்டு இருக்கறமுங்க.”

விடுதிச் சுவருக்கும் திரைச்சீலைக்கும் இணையதளத்துக்கும் ஒரே பின்னணி வேண்டும். தேயிலை மலை, கொழுந்து பறிக்கும் பெண்கள். அதை அவள் வரைந்து கொடுத்தால் அம்மா இந்த வீட்டிலேயே இருக்கலாம். முதலாளியிடம் அவர் பேசிக்கொள்வார்.

அம்மாவின் கடைசி வேலை நாளில் எடுத்த போட்டோ ரேணுகாவிடம் இருந்தது. இடது கால் முன்னால், வலது கை செடிமேல் நீண்டு, தலைத்துணிக்குக் கீழே முகத்தைத் திருப்பி, உடைந்த முன்பல் தெரிய அம்மா சிரித்துக்கொண்டிருந்தாள். அதை வைத்தே வரைந்தாள். நெரையும் பாதையும் சில்வர் ஓக்கும் நிறுவைக் கொட்டகையும் அதில் இருந்தன. ஜெகதீசன் திரைக்குக் கிட்டே குனிந்து பார்த்தார்.

“நல்லா இருக்குதுங்க. ஆனா இந்த அம்மா நம்மளயே பாக்கறாங்களே.”

“அது எங்கம்மாங்க.”

“யாரா வேணா இருக்கட்டுமுங்க. செவுத்துல ஒட்டுனா எத்தன பேரு பாப்பாங்கன்னு நெனச்சுப் பாருங்க. கெஸ்ட்டு படுத்துத் தூங்க வேண்டாமுங்களா? முகம் இருந்தா கண்ணு அங்கயே போய் நின்னுக்குது. பின்னணின்னா பின்னணியா இருக்கோணும்.” அவர் விரல் திரையில் நகர்ந்தது. “இந்தப் பாதை, மரம், கொட்டாய், இதெல்லாம் கோடு கோடா விழுகுது. எடுத்துருங்க. எல்லாம் பச்சையா, முடியாம போய்ட்டே இருக்கோணுமுங்க.”

அவர் சொன்னது தொழில்படி சரி. அதுதான் ரேணுகாவுக்குக் கசந்தது. பாதையை அழித்தாள். மரத்தை, கொட்டகையை அழித்தாள். பக்கத்துச் செடியிலிருந்து இலையை எடுத்து முகத்தின் மேல் நிரப்பினாள். நெற்றியும் சிரிப்பும் உடைந்த பல்லும் இருந்த இடத்தில், தலைத்துணிக்குக் கீழே, இலை. பாதி தள்ளி, மூட்டு தெரிகிறதா என்று தேடினாள். இல்லை. அவள் இதுவரை வரைந்ததிலேயே மிக நேர்த்தியான சதுரம் அது.

அம்மா தேத்தண்ணி டம்ளரோடு வந்து பின்னால் நின்றாள். “இந்தா, இது நானா?”

“நீதாம்மா.”

“மூஞ்சி எங்கடி?”

“வேணாமுன்னுட்டாங்க.”

“போவுது போ. தொரைமாரு எந்தக் காலத்துல எங்க மூஞ்சியப் பாத்தானுக?” அம்மா சிரித்தாள். பிறகு விரலைத் திரையில் வைத்து, ஒரு செடியிலிருந்து அடுத்த செடிக்கு நகர்த்திக்கொண்டே போனாள். விரல் திரையின் விளிம்பில் வந்து நின்றது. “நெரை எங்கடி முடியுது?”

“முடியாதும்மா. அதுதான் டிசைன்.”

“அப்ப நிறுவைக்கு எங்கிட்டு எறங்குறது?”

“அதுல நிறுவையெல்லாம் இல்லம்மா.”

“நிறுக்காம எப்புடிடி பேரு விழும்?”

ரேணுகா சிரித்தாள். அம்மா சிரிக்கவில்லை.

சதுரம் விடுதிக்குப் போனது. வீடு நிலைத்தது. கட்டில் மேல் அந்தச் சத்தம் கேட்டது அதற்கு அடுத்த வாரம்.

பக்கத்து வீட்டு இசக்கியம்மா விறகுக் கட்டோடு வந்து வாசலில் நின்று கத்தினாள். “ஏ ரேணு, ஒங்கம்மாவுக்கு ரிட்டயர்மெண்ட் குடுத்தும் ஆச தீரலியா? மழையில நெரை புடிச்சு நிக்கிறா! மேல காட்டுல கூப்புடுறேன், நிமிரக்கூட இல்ல. பெரிய மகராணி. சரின்னு நான் கீழ எறங்கி வந்தா, அதுக்குள்ள ஓடைக்கிட்ட நிக்கிறா. என்னிய முந்திக்கிட்டு எப்புடி எறங்குனா? அதே மாதிரி எடது காலு முன்னால, சோத்துக்கை நீட்டி...” அவள் அப்படியே நின்று காட்டினாள்.

ரேணுகா அடுப்படிப் பக்கம் திரும்பினாள். “அம்மா காலையில இருந்து அடுப்படியிலதான் இருக்குக்கா.”

இசக்கியம்மா எட்டிப் பார்த்தாள். அடுப்புக்கு முன்னால் அம்மாவின் முதுகு. தரையில், வாசலுக்கும் அடுப்புக்கும் நடுவில், ஈரக் கால்தடம் எதுவும் இல்லை. ஆனால் அம்மாவின் கெண்டைக்காலில் அட்டை கடித்த இடத்திலிருந்து ரத்தம் கோடாக இறங்கிக்கொண்டிருந்தது.

இசக்கியம்மா விறகுக் கட்டைத் தூக்கித் தலையில் வைத்துக்கொண்டாள். மறுநாள் எமரால்டு ஊரில் இருக்கும் மகள் வீட்டுக்குப் போகிறேன் என்று வீட்டைப் பூட்டிக்கொண்டு போனவள் திரும்பவில்லை.

அதன் பிறகு ரேணுகா அம்மாவைப் பார்த்துக்கொண்டே இருந்தாள். பார்த்துக்கொண்டே இருந்தாள் என்பது சரியல்ல. பார்க்க முயன்றாள். எதிரெதிரே உட்கார்ந்து சோறு தின்னும்போது அம்மாவின் கை தெரிந்தது, வளையல் தெரிந்தது, சேலையின் கரை தெரிந்தது. அங்கிருந்து மேலே போனால் கண் நழுவியது. ஈரப் பாறையில் கால் நழுவுவதுபோல, எங்கும் நிற்காமல் அந்தப் பக்கம் சுவருக்குப் போய்விடும். தட்டைக் கழுவும்போது ஒரு நாள் அவளுக்குத் தோன்றியது: அம்மா இன்றைக்குப் பொட்டு வைத்திருந்தாளா? தெரியவில்லை. மூக்குத்தி இடப்பக்கமா, வலப்பக்கமா? தெரியவில்லை. குழாய்த் தண்ணீர் கையில் விழுந்துகொண்டிருக்க, அவள் திரும்பிப் பார்க்காமல் நின்றாள். பின்னால் அம்மா சாப்பிட்டுக்கொண்டிருந்தாள். மெல்லும் சத்தம் வரவில்லை. வேறு சத்தம் வந்தது.

டிக். டிக்.

ஜெகதீசனுக்கு போன் செய்தாள்.

“சார், அந்தப் படத்துல ஒரு திருத்தம் பண்ணணும்.”

“திருத்தமுங்களா? அடிச்சு ஒட்டியாச்சுங்களே! செவுரு, திரைச்சீல, தலகாணி ஒற, போன்ல ரூம் புக் பண்ற பக்கம், எங்க பாத்தாலும் உங்கம்மாதானுங்க.”

“பாதைய மட்டும் திரும்பப் போட்டுத் தர்றேன் சார். ஒரே ஒரு பாதை.”

“பாதை எதுக்குங்க?” அவருக்கு உண்மையிலேயே புரியவில்லை. “அதுல யாரு எங்க போறாங்க?”

ரேணுகா போனை மறு காதுக்கு மாற்றிக்கொண்டாள்.

“ஊட்டப் பத்திக் கவலப்படாதீங்க. மொதலாளிகிட்டச் சொல்லிட்டேன். உங்கம்மா எத்தன காலம் வேணாலும் இங்கயே இருந்துக்கலாமுங்க. யாரும் எறக்கி உட மாட்டாங்க.”

போனை வைத்துவிட்டுத் திரும்பினாள். பின்கதவு திறந்திருந்தது. கட்டில் காலி. கதவுக்கு வெளியே மூடுபனி, கொல்லைப்புறத்துத் துணிக்கொடி வரைக்கும் வந்து நின்றிருந்தது. மதியம்தான். ஆனால் வெளிச்சம் எந்தப் பக்கத்திலிருந்தும் வராமல் எல்லாப் பக்கத்திலும் இருந்தது.

அவள் நெரைக்குள் இறங்கினாள். வீட்டை வலது கைப்பக்கம் விட்டுவிட்டு, மேட்டைப் பார்த்து நடந்தாள். பிறந்ததிலிருந்து தெரிந்த நெரை. முடியும் இடத்தில் சில்வர் ஓக் நிற்கும், அதன் அடியில் சின்ன வயதில் அவள் அம்மாவுக்காகக் காத்திருப்பாள். இலைகள் ஈரத்தோடு இடுப்பைத் தேய்த்தன. செம்மண் செருப்பைப் பிடித்து இழுத்தது. கொழுந்து கிள்ளிய பச்சை வாடை, முன்னால் ஆள் போயிருக்கும் வாடை, மூக்கில் ஏறியது. சத்தம் கிட்டே வந்தது.

பனிக்குள் அம்மா தெரிந்தாள். முதுகில் பை. மழைக்குப் போர்த்திய பிளாஸ்டிக் தாள். இடது கால் முன்னால்.

“அம்மா. வா, வீட்டுக்குப் போலாம்.”

தோளைத் தொட்டாள். சில்லென்ற ஈரம். கைகள் நிற்கவில்லை.

“நெரை முடியல,” என்றாள் அம்மா.

பனிக்குள், கொஞ்சம் தள்ளி, அதே குரல் சொன்னது: “நெரை முடியல.”

அதற்கும் அப்பால். “நெரை முடியல.”

அதற்கும் கீழே. மேலே. சன்னமாகிக்கொண்டே, ஒரே இடைவெளியில்.

ரேணுகா ஓடினாள். மரத்தைத் தேடி ஓடினாள். மரம் வந்தால் போதும். பாதை வந்தால் போதும். ஒரு முதுகைத் தாண்டினாள். செடிகள். இன்னொரு முதுகு. செடிகள். அதே முதுகு. பிளாஸ்டிக் தாளில் அதே கிழிசல். மரம் இல்லை. முதுகு. மரம் இல்லை.

இடது பக்கம் ஒரு வெளிச்சம். ஜன்னல். அவளுடைய ஜன்னல். மேஜைமேல் அவளுடைய லேப்டாப்.

வலது பக்கம் விட்டுவிட்டு வந்த அதே வீடு.

உள்ளே போய்த் தாழ் போட்டாள். சதுரத்தைத் திறந்தாள். இனி யாரையும் கேட்க வேண்டியதில்லை. பாதையை வரைந்தாள், செம்மண் நிறத்தில், தடிமனாக. சில்வர் ஓக்கை வரைந்தாள். கொட்டகையை, தராசு தொங்கும் கம்பியை வரைந்தாள். பழக்கத்தில் படத்தைப் பாதி தள்ளிப் பார்த்தாள். பாதை நடுவில் துண்டாகி நின்றது. அசிங்கமாக, வெட்டாக, கோடாக. எத்தனையோ வருடமாக அந்த வெட்டைக் கண்டால் தானாக நகரும் கை தானாக நகர்ந்தது. பக்கத்துச் செடியிலிருந்து இலையை எடுத்தது. நிரப்பியது.

நிமிர்ந்தபோது மூட்டு இல்லை. பாதையும் இல்லை.

சரி. முகம். முகத்தையாவது.

போட்டோவைத் திறந்தாள். அம்மாவின் கடைசி வேலை நாள். இடது கால், வலது கை, தலைத்துணி. கண் நழுவியது. இழுத்துக்கொண்டு வந்து வைத்தாள். நழுவியது. பெரிதாக்கினாள். இன்னும் பெரிதாக்கினாள். ஒரு கொழுந்து. இரண்டு இலை. அதன் பக்கத்தில் ஒரு கொழுந்து, இரண்டு இலை.

அவள் ஒரு பல் வரைந்தாள். உடைந்த பல். அதைச் சுற்றி என்ன இருந்தது?

செல்போன் அதிர்ந்தது. ஜெகதீசன் எழுதியிருந்தார்: ‘மேடம், கெஸ்ட்டுக்கெல்லாம் ரொம்பப் புடிச்சிருக்குங்க. இன்னொண்ணு வேணும். செடி கம்மியா, ஆளுங்க நெருக்கமா.’

ஜன்னலுக்கு வெளியே பனி விலகிக்கொண்டிருந்தது. மலை தெரிந்தது. ஓடையிலிருந்து வானம் வரைக்கும், ஒரே அளவு இடைவெளி விட்டு, அம்மா. குனிந்து, இடது கால் முன்னால். அடுத்தது அம்மா. அதற்கு மேலே, பாதி தள்ளி, அம்மா. மலைக்கு ஓரம் இல்லை.

“அம்மா!”

எல்லாக் கைகளும் ஒன்றாக நின்றன. இவ்வளவு நேரமும் மழை என்று அவள் நினைத்திருந்த சத்தம் அப்படியே நின்றுபோனது. மழை பெய்யவே இல்லை.

எல்லா முதுகும் நிமிர்ந்தது. எல்லாத் தலையும் திரும்பியது. தலைத்துணிகளுக்குக் கீழே, அவள் நிரப்பியபடியே, நேர்த்தியாக, இலை.

அவர்கள் நடக்கவில்லை. ஒருத்தியும் காலை எடுத்து வைத்ததை அவள் பார்க்கவில்லை. கண் சிமிட்டினாள். இடைவெளி குறைந்திருந்தது. சிமிட்டினாள். செடிகள் குறைந்திருந்தன. சிமிட்டாமல் இருக்கப் பார்த்தாள். கண் எரிந்தது.

ஜன்னலில் பச்சை. கண்ணாடி முழுக்க இலை, தலைத்துணி, இலை. அவற்றுக்கு நடுவே விரல்கள், கறை படிந்த நகங்கள், கண்ணாடியின் மேல் கொழுந்து தேடி மேய்ந்தன.

டிக். டிக். டிக்.

உள்ளறைக் கட்டிலிலிருந்தும் வந்தது. டிக். பிறகு நின்றது. அம்மாவின் குரல், நாள் முழுக்க நின்றவளின் களைப்போடு, அவள் தோளுக்குப் பின்னால் கேட்டது.

“என் பேரு விழுந்துச்சாடி?”

ரேணுகா அம்மாவின் பெயரைச் சொல்ல வாயைத் திறந்தாள். திறந்த வாயில் அந்தப் பெயர் இல்லை. கண்ணாடியில் நகங்கள் கிள்ளிக்கொண்டே இருந்தன.